மேலடுக்கில் பதினொரு பசுக்கள்

2009 ஜனவரி 12, திங்கள்

பெட்டி 23 முடிந்தது. முழுக்கச் செம்மறித் தாடைகள். டான்யூப் கரையில் எட்டாயிரம் வருடத்துக்கு முன் இருந்த ஓர் உழவர் ஊர். அந்தப் பக்கத்தில் காட்டுச் செம்மறி இருந்ததே இல்லை. ஒவ்வொரு எலும்பும் யாரோ ஓட்டிக்கொண்டு வந்த மந்தையினுடையது. வளர்ப்பு மிருகங்கள் கிழக்கிலிருந்து மேற்கே பரவியதுதான் என் ஆய்வு. வரைபடத்தில் அதற்கு ஓர் அம்புக்குறி போடுவோம்.

சனிக்கிழமை அண்ணா கதைத்தார். வன்னியில் மிருக வைத்தியர். கிளிநொச்சி விழுந்த பிறகு மனைவி கிளடிஸ் மச்சாளோடும் மகள் சிவானியோடும் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். பண்ணை மாடுகள் நாற்பதும் கூட. "மாடு முன்னாலை, சனம் பின்னாலை, தவம்" என்று சிரித்தார்.

அம்புக்குறிக்குள் நடந்தவர்கள் யாரென்று நான் யோசித்ததே இல்லை.

ஜனவரி 30

போரை நிறுத்தச் சொல்லி இங்கே டவுன்டவுனில் மனிதச் சங்கிலி, அம்மாவோடு போனேன். குளிரில் விரல் விறைத்துவிட்டது. அம்மா கையை விடமாட்டேன் என்றுவிட்டாள்.

பெப்ரவரி 9, திங்கள்

காலை எட்டரை. லாப் கதவைத் திறக்கவே போன் அடித்தது. அங்கே மாலை. புதுக்குடியிருப்புக்கு அப்பால் எங்கேயோ நிற்கிறார்கள்.

"மாட்டுக்குத் தண்ணி இல்லை. மிச்சத்தைக் கயிறு அவிட்டு விட்டிட்டன். ஏழு பசுவை மட்டும் வைச்சிருக்கிறன். பங்கருக்குள்ளை கைக்குழந்தையள் கனக்க. பால் அதுகளுக்கு."

ஏழும் பால் மாடா என்று கேட்டேன். "அஞ்சு கறக்குது, ரெண்டு சினை" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏன் என்று உடனே விளங்கவில்லை. சினை மாடு என்றால் கன்று வரும். கன்று வருமட்டும் இருப்பார்கள்.

மார்ச் 4

மேலடுக்கைத் தொடங்கினேன். அந்த ஊரின் கடைசி அடுக்கு. அதற்கு மேல் வெறும் ஆற்று மணல்.

கீழே எல்லாம் ஒழுங்கு: காளைக் கன்றுகளை இளசிலேயே வெட்டியிருக்கிறார்கள், பசுக்களைக் கிழமாகும்வரை வைத்திருக்கிறார்கள். பாலுக்கும் கன்றுக்கும். மேலடுக்கில் மட்டும் பதினொரு பசுக்கள். பல்லைப் பார்த்தால் எல்லாம் நாலைந்து வயது, கன்று போடுகிற வயது. ஒரே குழியில், ஒரே தரத்தில் வெட்டிப்போட்டவை. சிலவற்றின் இடுப்பருகே பிறக்காத கன்றின் மெல்லிய எலும்புகள். காலெலும்பை உடைத்து மஜ்ஜையைக்கூட உறிஞ்சவில்லை — அவ்வளவு அவசரம்.

பேராசிரியர் சீமோன் குனிந்து பார்த்தார். பிறகு, "இவர்களுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இருக்கவில்லை" என்றார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் மல்வேர்ன் வரும்வரை அந்த வசனம்தான் காதில்.

மார்ச் 21, சனி

அண்ணா.

"ஏழையும் வெட்டிப்போட்டம் தவம். நான்தான் சொன்னனான். சனம் பசியிலை விழுந்துபோய்க் கிடக்குது."

"சினை மாடு?"

"ஓம். அதுகளும்."

அவர் தொடர்ந்து பேசினார், மாத்தளன் கடற்கரை, மணல், மழை — ஒன்றும் காதில் ஏறவில்லை. சினைப் பசுவை வெட்டினால் அடுத்த வருடம் இல்லை என்று அவருக்குத் தெரியுமா? தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் குரல் அப்படி இருந்தது.

அண்ணா என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். "பிள்ளையளுக்குப் பால் கறந்து குடுக்கிறாராம்" என்றேன்.

மார்ச் 22

பொய் சொன்னேன். சொன்னதோடு சாப்பிடவும் செய்தேன்.

ஏப்ரல் 18, சனி

அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அண்ணா எடுத்தார், இரண்டு நிமிடம்தான் கிடைத்தது.

"வெளிக்கிடுங்கோ அண்ணா. இனி அங்கை ஒண்டும் இல்லை. நடவுங்கோ."

"நடக்கிற சனத்துக்கும் வெடி விழுது."

"நிண்டாலும் விழுதுதானே!"

கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. "நான் காயக்காரருக்குத் தையல் போடுறன். மாட்டுக்குப் போட்ட ஊசிதான். வேறை ஆளில்லை. எப்பிடி விட்டிட்டு வாறது?"

"அப்ப மச்சாளையும் பிள்ளையையும் அனுப்புங்கோ."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "சரி."

அவ்வளவுதான்.

ஏப்ரல் 19

நான் என்ன செய்துவிட்டேன்? ஏழு வயதுப் பிள்ளை. வழியில் ஏதும் நடந்தால்? எலும்பைப் பார்த்து உயிருள்ளவர்களுக்கு வழி சொல்ல நான் யார்.

மே 10, ஞாயிறு

இங்கே எங்கள் சனம் ஹைவேயை மறித்து உட்கார்ந்திருக்கிறது. அம்மாவும் போய்விட்டாள். நான் வீட்டில், போனுக்கு முன்னால். அடிக்கவில்லை.

மே 19, செவ்வாய்

போர் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். அம்மா அதை நிற்பாட்டிவிட்டு அடுப்படியைக் கூட்டினாள். கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினாள்.

ஜூன் 8, திங்கள்

மச்சாள்! அகதி முகாமில் யாரிடமோ கைபேசி வாங்கி எடுத்திருக்கிறாள். சிவானியும் இருக்கிறாள். முழங்காலில் காயம், ஆறிவிட்டதாம்.

"ஏப்ரல் இருபது விடிய, களப்புத் தண்ணிக்குள்ளாலை ஆமியின்ரை பக்கம் வந்தனாங்கள். கழுத்தளவு. அவர் கரைமட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர். பிறகு திரும்பிப் போனவர்."

"பிறகு?"

"பிறகு அவரை ஒருத்தரும் காணேல்லை."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. "'தங்கச்சி சொல்லிப்போட்டாள், போங்கோ' எண்டுதான் எங்களை வெளிக்கிடுத்தினவர்" என்றாள்.

நன்றியா, குற்றச்சாட்டா? கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஜூன் 9

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். மார்ச் மாதத்துப் பொய்யையும். "எனக்கு அண்டைக்கே தெரியும். நீ சோத்தைப் பிசைஞ்ச விதத்திலை" என்றாள்.

2010 ஜனவரி 11, திங்கள்

முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள். மச்சாள் இப்போது மன்னாரில், தன் தாய் வீட்டில். இன்று சிவானிதான் பேசினாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறார்களாம், விண்ணப்பம் நிரப்புகிறாளாம்.

"மாமி, போமிலை அப்பா இருக்கிறாரோ இல்லையோ எண்டு ரெண்டு பெட்டி இருக்குது. அம்மா பேனையைத் தந்திட்டு வெளியிலை போயிட்டா. எதிலை புள்ளடி போட?"

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"பேர் எழுதுற இடம் இருக்கோ பிள்ளை? அதிலை எழுது. ஸ்ரீஸ்கந்தராசா. மிருக வைத்தியர். வடிவா எழுது, அப்பம்மா போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

எழுதி முடியும்வரை அம்மா போனைக் காதிலேயே வைத்திருந்தாள். பெட்டிகளைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையும் திரும்பக் கேட்கவில்லை.