வழுக்கி விழவில்லை

கிருஷ்ணா,

கண்ணுன்னு கூப்பிட இன்னிக்கு வாய் வரலை. லேத்துப் பட்டறைச் சாவி சாமி படத்துக்குப் பின்னால இருக்குது. சோறு ஆக்கலை. பொண்டாட்டியை அடிக்கத் தெரிஞ்ச கைக்கு அரிசி களையவும் தெரியும்.

நேத்து வரலட்சுமியோட உடைஞ்ச கையைப் பாத்து டாக்டரம்மா கேட்டப்ப, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாளுங்க"ன்னு உனக்காகப் பொய் சொல்லிப்போட்டேன். வரலட்சுமி என்னைப் பாத்த பார்வை இன்னும் உறுத்துது.

இப்ப அவளைக் கூட்டிக்கிட்டு மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். நீ அடிச்சதைப் பாத்த சாட்சி நான்தான். அவங்கப்பன் ஊட்டுக்குப் போய்ச் சத்தம் போடாதே.

அம்மா

மறந்துட்டேன், தொட்டி நிறைஞ்சதும் மோட்டாரை நிறுத்து.

இன்னொண்ணு. உங்கப்பா அடிச்சப்பவும் வழுக்கி விழுந்தேன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். நீ பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தே.