ஏலக் குரல் திரும்பிய நாள்

அக்கா,

இன்று காலை ராயபுரம் மார்க்கெட்டில் ஒரு தள்ளுவண்டி நிறைய பப்ளிமாஸ் பழம். ஒன்றை உரித்து வைத்திருந்தார்கள். அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். இதய மாற்று அறுவைக்குப் பின் நம் இருவருக்கும் ஆகாது என்று டாக்டர் சொன்ன பழம், மாத்திரையோடு சேராது. "எனக்கு இன்னா புடிக்குமோ அதையே பாத்துத் தடுக்கறியே டாக்டரு" என்று சண்டைக்குப் போனவள் நீ.

நாம் பழகியது ஆஸ்பத்திரி வார்டில். காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவள், பழைய இதயம் தளர்ந்து, ஒரு வாக்கியத்தை முழுதாய்ச் சொல்ல மூச்சில்லாமல் வந்திருந்தாய். புது இதயத்தோடு கட்டிலை விட்டு எழுந்த அன்று, "கொரலு கீதா இல்லியான்னு பாக்கணும்" என்று தொண்டையைச் செருமி, தட்டிலிருந்த இட்லியை ஏலம் விட்டாய். நர்ஸ்கூட ஏலம் கேட்டார். வார்டே சிரித்தது.

வீடு திரும்பியதும் நான்தான் முடங்கினேன். கிருமி வந்துவிடும் என்று திருவொற்றியூர் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். நீ மாஸ்க்கோடு வாசலில் வந்து நின்றாய். "இதயத்த குடுத்துட்டுப் போன மவராசன், உன்ன வூட்ல குந்த வெக்கவா குடுத்தான்? வா நைனா."

ஸ்டேஷன் வரை நடந்தோம். மேம்பாலப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. மாற்றிவைத்த இதயம் வேகமெடுக்கக் கொஞ்சம் தாமதமாகும் என்று தெரிந்தும் பயந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். "புது ஆளு, வழி தெரிஞ்சிக்கினு வரட்டும்" என்று நீ காத்திருந்தாய். மூச்சு சீரானதும் ஏறினோம்.

பிறகு ஒருமுறை உன் உடம்பே அந்த இதயத்தை எதிர்த்தது. கால் வீங்கி, மூச்சு முட்டி, மறுபடி வார்டு. மருந்தில் முகம் உப்பிவிட்டது. "கல்யாணப் பொண்ணாட்டம் கீறேன்ல?" என்றாய். மீண்டு வந்து மகள் கல்யாணத்தில் பேண்டுக்கு முன்னால் ஆடினாயே! என்னையும் இழுத்துவிட்டாய். என் ஆட்டத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த ஒரு பெண்தான் இன்று என் மனைவி.

பல வருடம் கழித்து அந்த இதயத்தின் ரத்தக் குழாய்கள் மெல்லச் சுருங்கின. வலிகூடக் காட்டாமல், ஒரு மதியத் தூக்கத்தில் போய்விட்டாய். அழுதேன். ஆனால் துக்கத்துக்கு வந்தவர்கள் உன்னைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஒருவராலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

பயந்தவர் பக்கத்தில் போய் உட்காரும் உன் பழக்கம் என்னிடம் தங்கிவிட்டது. போன வாரம் செக்கப்பில், புதிதாய் அறுவை முடிந்த பெண்ணொருத்தி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் அமர்ந்தேன்.

"அண்ணா, இனிமே மீன் சாப்பிடலாமா?"

"நல்லா வேகவெச்சு சாப்பிடு."

"டான்ஸ் ஆடலாமா?" கேட்டுவிட்டு அவளே வெட்கப்பட்டாள்.

உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நர்ஸ் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர்," என்றாள், கண்ணைத் துடைத்துச் சிரித்தபடி. "இந்த அக்கா கதைய கேட்டுட்டு வர்றேன்."