எத்தனை யானை என்று தெரியாதபோது

உன் அப்பா தொண்டாமுத்தூரிலிருந்து கொடுத்தனுப்பிய வாழைத்தார் அலுவலக மூலையில் பழுத்துவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் அந்த வாசம்தான். பழக்கத்தில் உன் நாற்காலிப் பக்கம் திரும்பிப் பேச வாயெடுத்துவிட்டேன். நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. சொல்ல வந்ததை எழுதிவிடுகிறேன்.

நாம் இருவரும் செய்த யானை எச்சரிக்கை நிரலின் முதல் வடிவம் நினைவிருக்கிறதா? காட்டோரக் காவலர்கள் ஊர், திசை, எத்தனை யானை என்று கைபேசியில் நிரப்புவார்கள். விவசாயிகளுக்கு மெசேஜ் போகும். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற ஒரு நிரல்மொழியில் அவசரமாக எழுதியிருந்தோம். ஒரு மாலை, எண்ணிக்கைக் கட்டத்தில் காவலர் ஒருவர் "நாலஞ்சு" என்று எழுத்தில் எழுதினார். எண்ணாக இல்லாததையெல்லாம் பூஜ்யமாக்கும் வரி ஒன்று இருந்தது. அது நான் எழுதியது. யானையே இல்லை என்று நிரல் பேசாமல் இருந்துவிட்டது. யானைகள் தோட்டத்துக்குள் வந்துவிட, உன் அப்பா மோட்டார் ரூம் மேல் ஏறித்தான் உயிர் பிழைத்தார்.

நீ என்னைத் திட்டவில்லை. மறுநாள் வந்து உட்கார்ந்தாய்.

"மொதல்ல இருந்து எழுதலாம் புள்ள. எண்ணுன்னா எண்ணு. இல்லீன்னா தெரியலைன்னு தனியாச் சொல்லோணும். சைபரும் தெரியலையும் ஒண்ணா?"

எந்தத் தகவல் என்ன வகை என்று முன்பே அறிவிக்கச் சொல்லும் மொழிக்கு மாறினோம். "தெரியவில்லை" என்று வந்தால் என்ன செய்வது என எழுதாத ஒவ்வோர் இடத்திலும், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் சிவப்புக் கோடு போட்டது. நிரலை ஓடவே விடவில்லை. நான் சலித்துக்கொண்டேன்.

"இப்ப அது நம்மள வையட்டும். எங்கப்பன் மறுக்கா அந்த ரூம் மேல ஏற வேண்டாம்" என்றாய்.

கடைசிக் கோடு மறைந்தபோது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய், மடியில் மடிக்கணினி.

"ஓடிருச்சுங்க" என்று நர்ஸிடம் சொன்னாய்.

"யாருங்க ஓடுனது?" என்று அவர் பதறினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

போன வாரம் ஒரு மாலை நல்ல மழைமூட்டம். எண்ண முடியாத காவலர் "தெரியவில்லை" என்பதைத் தொட்டார். உடனே எல்லோருக்கும் மெசேஜ் போனது: யானைகள் வருகின்றன, எத்தனை என்று தெரியவில்லை, வீட்டுக்குப் போய்விடுங்கள்.

உன் அப்பா போன் செய்தார்.

"தண்ணி கட்டிட்டு இருந்தேன் அம்மணி. அப்படியே போட்டுப்போட்டு ஊட்டுக்கு வந்துட்டோம். அரை மணி நேரத்துல நம்ம தோட்டத்துல ஒம்பது உருப்படி நிக்குது." பிறகு சொன்னார்: "எம்புள்ள செஞ்சதுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

இப்போது மதுக்கரைக்காரர்களும் நம் நிரலைக் கேட்கிறார்கள். கூட்டத்தில் குட்டி இருக்கிறதா என்றும் தெரிய வேண்டுமாம். நேற்று அதற்கு ஒரு கட்டம் சேர்த்தேன். மாற்ற வேண்டிய பத்தொன்பது இடங்களைக் கம்பைலர் வரிசையாகக் காட்டியது. முன்பென்றால் முணுமுணுத்திருப்பேன். நேற்று நிமிர்ந்து உட்கார்ந்து, ஒன்றைக்கூட விடாமல், மதியத்துக்குள் முடித்தேன்.