ஆடிப்பெருக்குக் கயிறு

நெதர்லாந்து,
ஆகஸ்ட் 12

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பைக்கில் அலையாதீர்கள், பஸ்ஸில் போய்வாருங்கள்.

போனில் சொன்னால் அத்தை காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. ஆடிப்பெருக்கு அன்று, நீங்கள் அனுப்பிய புவனகிரி மஞ்சளைப் புதுக் கயிற்றில் பூசி, முடிச்சுப் போட உங்கள் மகன் பக்கத்தில் இல்லாததால், கண்ணாடியைப் பார்த்துத் தாலிக்கயிற்றை நானே மாற்றிக்கொண்டேன். மறுநாள் லேப்பில், முந்நூறு வருஷத்துக்கு முன் நம் கரையிலிருந்து கப்பலேறிய சிவப்புத் துணியின் நூல் ஒன்றைச் சோதித்தேன். சிவப்பு, நம் கடற்கரை மணலில் முளைக்கும் சாயவேர்தான். ஆனால் கூடவே மஞ்சளும் இருப்பதாக மெஷின் காட்டியது. புதுக் கண்டுபிடிப்பு என்று எங்கள் மேடத்துக்கு இரண்டு நாள் ஒரே சந்தோஷம். பிறகு, அன்றே தயாரித்த, நூல் போடாத வெறும் குப்பியைச் சோதித்தேன். அதிலும் மஞ்சள். வேலை தொடங்குமுன் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேனே, அன்று கையுறை போட்ட பிறகு ஒற்றியிருக்கிறேன்.

நானே போய்ச் சொன்னேன். மேடம் திட்டவில்லை. இனி கழற்றிவிட்டு வரச் சொன்னார்.

"கழுத்த மட்டும் வெறுமனே வுட்டுடாதம்மா" என்று அத்தை ஏர்போர்ட்டில் சொன்னார். அவரிடம் சொல்லாதீர்கள். தாலி என் டிராயரில், நூல் போடும் குப்பி ஒன்றில் இருக்கிறது. பழக்கத்தில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிவிட்டேன்.

இனி மஞ்சள் வேண்டாம், புளி மட்டும் அனுப்புங்கள். பார்சலுக்குள் நாலு வரி எழுதி வையுங்கள்.

லேப்புக்கு நேரமாகிவிட்டது. கழற்றும்போது ஒன்றுமே தோன்றவில்லை, மாமா. நானே போட்ட முடிச்சுதானே, சட்டென்று அவிழ்ந்துவிட்டது.

இளமதி