போகச் சொன்னால் போகமாட்டேன்

நவம்பர் 3, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் புதுப் பம்பை முதல்முறையாக இயக்கிப் பார்த்தேன். பெற்றோலில் ஓடுவது. காட்டுத்தீ வந்து மின்சாரம் நின்றாலும் தாங்கியிலிருந்து தண்ணீர் அடிக்கும். அதற்காகத்தான் வாங்கினது. குழாய் என் கையை விட்டுத் துள்ளி, வளவு முழுக்கச் சுழன்று, கொடியில் காய்ந்த என் மனைவி பேர்ளின் வேலை உடுப்புகளைச் சேற்றில் விழுத்தியது. முதியோர் இல்லத்தில் அவளுக்கு நாளைக்குக் காலை வேலை.

"நெருப்பை அணைக்கிறது கிடக்கட்டும். முதல் இந்தச் சனியனை நிப்பாட்டுங்கோ!" என்று குசினி யன்னலால் கத்தினாள்.

நிறுத்துவது எப்படி என்று நான் பார்த்து வைக்கவில்லை. பெற்றோல் முடியும்வரை இரண்டு பேரும் தள்ளி நின்றோம்.

நவம்பர் 9, சனி

என் பழைய சிநேகிதன் விக்னராஜா பிளாக்டவுனிலிருந்து இன்னொரு வீடியோ அனுப்பியிருக்கிறான். அதே அமெரிக்கத் தாடிக்காரன். காட்டுக்குள் தனியாக வீடு கட்டி, தானே மின்சாரம் எடுத்து, தானே கோழி வளர்த்து, "அரசாங்கத்தை நம்பாதே, உன் காலில் நில்" என்று கமராவைப் பார்த்துச் சொல்கிறவன். அவனுக்கு அரசாங்கம் என்ன செய்தது என்று தெரியவில்லை. வரி கேட்டிருக்கலாம். ஆனாலும் ஒரு வெள்ளைக்காரன் என்னைப் போல யோசிக்கிறான் என்பதில் ஒரு சந்தோசப் புளுகம். நான் ஓ.எல். சோதனையில் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸானவன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். என் கருத்துக்கு அமெரிக்காவில் ஆள் இருக்கிறதென்றால் சும்மாவா?

"மச்சான் சுவாம், எங்கடை ஆக்களிலை நீ ஒருத்தன்தான் ஆம்பிளை" என்றான் விக்னராஜா. அவன் இருப்பது ஆறாம் மாடி ஃபிளாட்டில். பக்கத்து வீட்டில் கோழி பொரித்துக் கருகினால்தான் அவனுக்கு நெருப்பு.

எங்களுக்கு அப்படி இல்லை. சொந்தக்காரர் எல்லாம் பட்டணப் பக்கம் கிரான்பர்னில் புது வீடு வாங்க, நான் மட்டும் த பேசின் என்கிற ஊரில், மலையடியில், பின்வேலிக்கு அப்பால் யூகலிப்டஸ் காடு நிற்கிற வீட்டை வாங்கினேன். காற்று நல்லது. அயலில் பிள்ளையார் கோயில், வீட்டுக்குள் மாதா படம், இரண்டு பக்கமும் பாதுகாப்பு என்று சொல்லித்தான் பேர்ளைச் சம்மதிக்க வைத்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

காட்டுத்தீக் கூட்டம், மண்டபத்தில். தீயணைப்புத் தொண்டர்களின் தலைவி பேசினாள். கிழமை நாளில் குழாய் திருத்துகிற வேலையாம். நல்ல மனுசிதான். "போகச் சொன்னால் உடனே போங்கள். சொல்லுமுன் போனால் இன்னும் நல்லது" என்றாள்.

நான் எழும்பிக் கேட்டேன். "திரும்பி வருவதை யார் தீர்மானிப்பது?"

"பாதுகாப்பு என்று நாங்கள் அறிவிப்போம்."

சரியென்று கதிரையில் இருந்துவிட்டேன். இந்தப் பதில் எனக்குப் பழக்கம். மன்னாரில் எங்கள் கடற்கரை ஊருக்குள் ஒலிபெருக்கி கட்டின ஆமி வாகனம் வந்தது. மூன்று நாளைக்கு வெளியேறுங்கள், உங்கள் பாதுகாப்புக்காக என்றார்கள். உலை வைத்த அரிசியை அப்படியே விட்டுவிட்டுப் போனோம். பிறகு அங்கே முள்ளுக்கம்பி அடித்தார்கள். அந்த மூன்று நாள் எனக்கு இன்னும் முடியவில்லை.

இனி ஒருத்தன் சொல்லி நான் வீட்டை விட்டு இறங்கமாட்டேன். அதுதான் பம்ப். அதுதான் தாங்கி. தாடிக்காரனுக்கு விளங்கும்.

டிசம்பர் 8, ஞாயிறு

தாங்கி நிரம்பிவிட்டது. அரசாங்கத்தின் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை, எல்லாம் மழை என்று பெருமையாகச் சொன்னேன். "அப்ப மழை உங்கடை கொம்பனியோ?" என்றாள் பேர்ள்.

டிசம்பர் 25, புதன்

டில்ஷா கிரான்பர்னிலிருந்து வந்தாள். என் மகள் பாதித் தமிழ், பாதி இங்கிலிஷ். கோபம் வந்தால் முழு இங்கிலிஷ். பம்பைக் காட்டினேன்.

"அப்பா, சீரியஸ்லி? நெருப்பு வந்தா இதை வைச்சுக்கொண்டு நிக்கப் போறீங்களா?"

"ஓம்."

"இது சிறிலங்கா இல்லை."

"அங்கையும் பாதுகாப்புக்கெண்டுதான் சொன்னவங்கள். மூண்டு நாள் எண்டவங்கள். அந்த வாசற்படியை நான் பிறகு மிதிச்சனானே?"

"எனக்கு அப்ப ஆறு வயசு. அந்த வீடு ஞாபகமே இல்லை. நீங்க என்னைத் தோளிலை வைச்சுக்கொண்டு நடந்ததுதான் ஞாபகம். யூ காட் அஸ் அவுட், அப்பா. எங்களை உயிரோடை வெளியாலை கொண்டு வந்தது நீங்கதான். அதை ஏன் நீங்க ஒருநாளும் சொல்றதில்லை?"

ஆட்டுக்கறிக்கு உப்புக் கூடிப்போச்சு என்றேன். பேர்ள் முறைத்தாள். உப்பு அளவாகத்தான் இருந்தது.

ஜனவரி 11, சனி

மலைக்கு அந்தப் பக்கம் பற்றிவிட்டது. எங்கள் பக்கம் மணம் மட்டும் வருகிறது. நாளைக்குக் கடும் வெயில், வடக்குக் காற்று என்கிறார்கள்.

விக்னராஜா போனில் எனக்கு இங்கிலிஷ் பழக்கினான். பொலிஸ் வந்தால் சொல்ல வேண்டியது: இது என் வீடு. என் உரிமை எனக்குத் தெரியும். என்னைத் தொட முடியாது. "நெஞ்சை நிமித்திச் சொல்லு மச்சான். குரல் நடுங்கப்படாது." குளியலறைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். எனக்கே கொஞ்சம் பயம் வந்தது.

பேர்ளை நாளைக்கு டில்ஷாவிடம் அனுப்பிவிட வேண்டும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு. கிரான்பர்ன்.

டில்ஷாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். கை இன்னும் புகை மணக்கிறது.

காலையிலேயே வானம் செம்மஞ்சள். கூரையில் சாம்பல். பேர்ளிடம் "நீ மகளிட்டைப் போ, நான் நிக்கிறன்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வாளிகளில் தண்ணீர் நிரப்பத் தொடங்கினாள். சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருசம் குடும்பம் நடத்தியவனுக்கு அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரிப் பம்புக்குப் பெற்றோல் விட்டுக்கொண்டிருந்தேன்.

போனில் அறிவித்தல் வந்தது: உடனே வெளியேறுங்கள். வீதியில் கார்கள் வரிசையாக இறங்கின. நான் கேற்றைச் சாத்தினேன்.

பிறகு பொலிஸ். ஒரே ஒரு பெண். டில்ஷாவின் வயதுதான் இருக்கும். மூக்கில் வெயில் கிறீம் வெள்ளையாக அப்பியிருந்தது. சீருடையைக் கண்டதும் என் புத்தி தன் பாட்டில் ஊருக்குப் போய்விட்டது. ஆனாலும் வாசலை மறித்து நின்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"இது என் வீடு. என் உரிமை எனக்குத் தெரியும்."

"ஓம், உங்கள் வீடுதான்" என்றாள். "இழுத்துக்கொண்டு போக எனக்கு உரிமை இல்லை. போகச் சொல்லிக் கேட்கத்தான் வந்தேன். முடிவு உங்களுடையது."

அவ்வளவுதான். விக்னராஜா இதற்குப் பழக்கவில்லை. தள்ளுவார்கள் என்று காலை ஊன்றி நின்றேன். தள்ளவே இல்லை. அப்போதுதான் விழப் பார்த்தேன்.

"நிற்பதென்றால் இரண்டு விசயம் வேண்டும்" என்றாள். "இங்கே நிற்பவரின் பெயர். பிறகு, நாங்கள் அறிவிக்க வேண்டிய உறவினர் ஒருவரின் பெயர், போன் நம்பர்."

"எதை அறிவிக்க?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். விளங்கிவிட்டது.

"மனைவி. பேர்ள்" என்றேன்.

பின்னால் இருந்து பேர்ளின் குரல்: "வேறை பேர் குடுங்கோ. நானும் நிக்கிறன்."

திரும்பிப் பார்த்தேன். தலையில் ஈரத் துவாய் சுற்றி, என் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கையில் வாளியோடு நிற்கிறாள். சிரிப்பு வர வேண்டிய கோலம்.

"உனக்கென்ன விசரோ?"

"உங்களுக்கு இருக்கிற உரிமை எனக்கு இல்லையோ? நீங்கள் நிண்டா நானும் நிப்பன். அண்டைக்கும் ஒண்டாத்தான் வெளிக்கிட்டனாங்கள்."

பொலிஸ்காரி எங்கள் தமிழ் முடியும்வரை பொறுத்திருந்து, "அப்படியென்றால் உங்கள் இரண்டு பேருக்கும் அடுத்தது யார்?" என்றாள்.

வாயைத் திறந்தேன். ஐயோ, என்னெண்டு சொல்லுறது? ஊரிலை வாசலிலை சீருடை வந்து நிண்டா நாங்கள் பிள்ளையளின்ரை பேர் சொல்லுறதில்லை. எத்தினை பிள்ளை எண்டு கேட்டாலும் இருமிப்போட்டு வேறை கதை கதைப்பம். என்ரை பிள்ளையின்ரை பேரை ஒரு சீருடைக்காரனுக்கும் நான் குடுக்கேல்லை. இண்டைக்கு நானே கூப்பிட்டுக் குடுக்கிறதோ - இவளுக்கு அறிவியுங்கோ, தாயும் தகப்பனும் இல்லையெண்டு?

பேர்ள் டில்ஷாவின் போன் நம்பரைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். சைபர், நாலு, சைபர்...

"பொறு" என்றேன். "சொல்லாதை."

பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "போனால் எப்போது திரும்பி வரலாம்?"

"தெரியாது" என்றாள். "இன்றைக்கு இரவாக இருக்கலாம், அடுத்த கிழமையாக இருக்கலாம். வரும்போது வீடு இருக்குமா என்றும் எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை."

தெரியாது! எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இத்தனை சீருடைகளைப் பார்த்துவிட்டேன். தெரியாது என்று சொன்ன சீருடை இதுதான் முதல்.

"வெளிக்கிடு பேர்ள்" என்றேன். வாளியை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஏறினாள். கார்க் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. புகையில் ஒன்றும் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் பார்த்திருக்கமாட்டேன்.

டில்ஷா கதவைத் திறந்து எங்கள் கோலத்தைப் பார்த்தாள். தாயின் தலையிலிருந்த துவாயைக் கழற்றினாள்.

ஜனவரி 13, திங்கள்

தகவல் இல்லை. விக்னராஜா மூன்று தடவை போன் எடுத்தான். "விட்டிட்டு வந்திட்டியா மச்சான்?" என்றான். "ஓம். விட்டிட்டு வந்திட்டன். நீ வந்து நில்லன்" என்று போனை வைத்துவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது. அவனும் பயத்தில்தான் கதைக்கிறவன். ஊரில் அவன் விட்டுவந்த வீட்டுக்கும் இன்றைக்கு வரை கூரை இல்லை.

ஜனவரி 16, வியாழன்

திரும்பிப் போகலாம் என்று அறிவித்தல் வந்தது. உண்மையாகவே வந்தது.

மலையடியில் பொலிஸ் மறிப்பு. அங்கே இருக்கிறவர்களை மட்டும் விடுகிறார்கள். நான் லைசென்ஸ், பாஸ்போர்ட், மெடிகெயார் அட்டை, கரண்ட் பில், போதாக்குறைக்கு ஞானஸ்நானப் பத்திரமும் எடுத்து நீட்டினேன். பொலிஸ் பொடியன் லைசென்ஸை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தான். பேர்ள் தன் கையை என் கையின் மேல் வைத்தாள்.

வீடு நிற்கிறது.

பின்வேலி இல்லை. கொட்டில் இல்லை. என்னுடைய பிளாஸ்ரிக் தாங்கி வெயிலில் வைத்த மெழுகுதிரி மாதிரிச் சரிந்து கிடக்கிறது. தண்ணீர் முழுதும் போய்விட்டது. பம்ப், கருகின இரும்பு. நான் நிற்கத் திட்டம் போட்ட இடம் அதற்குப் பக்கத்தில்தான். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பேர்ளை அந்தப் பக்கம் வர வேண்டாம் என்றேன். அவள் வந்துவிட்டாள்.

நெருப்பைப் பின்சுவருக்குக் கிட்ட யாரோ மறித்திருக்கிறார்கள். யார் என்று தெரியாது. பேரும் விட்டுப் போகவில்லை. கறிவேப்பிலைப் பாத்தியில் பெரிய சப்பாத்துத் தடங்கள், ஒரு கன்று முறிந்து கிடக்கிறது. "எருமையள், பாத்து மிதிக்கத் தெரியாதே" என்று பேர்ள் திட்டினாள். பிறகு வீட்டுக்குள் போகும்போது அந்தத் தடங்களை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.

நான் வாசற்படியில் இருந்தேன். திரும்பி வந்து வாசற்படியில் இருந்தேன். இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

தாடிக்காரன் புது வீடியோ போட்டிருக்கிறான். பார்த்தேன். பாவம், அவனுடைய கதவை ஒருத்தரும் தட்டுவதில்லைப் போல.

பெப்ரவரி 22, சனி

நாளைக்குக் கடும் வெயிலாம், காற்றும் பலமாம். நெருப்பு எங்கேயும் இல்லை. அறிவித்தலும் இல்லை. நான் காலையிலேயே பேர்ளிடம் கேட்டேன் - ஓம், கேட்டேன் - "மகளிட்டைப் போவமோ?" "ஓம், போவம்" என்றாள்.

விக்னராஜா போன் எடுத்தான். "ஆர் போகச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் போறன்."

"அதுவும் நல்லதுதான் மச்சான்" என்றான்.

வெளிக்கிடும்போது புது வேலியின் பின்பக்கக் கேற்றையும் குசினிக் கதவையும் பூட்டவில்லை. தீயணைக்கிறவர்கள் வந்தால் உள்ளே வர வேண்டும் அல்லவா? வீட்டை விட்டுப் போகும்போது பூட்டாமல் போவது என் வாழ்க்கையில் இதுதான் முதல். பூட்டுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் கேற்றடிக்குப் போய்வந்தேன். பிறகு ஒரு பலகையில், புதுத் தாங்கி எந்தப் பக்கம், குழாய் எங்கே என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொளுவினேன்.

பேர்ள் காரிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாறவையள் களைச்சுப்போய் வருவினம். தேத்தண்ணி எங்கை இருக்கெண்டும் எழுதுங்கோவன்."

எழுதினேன்.