நான்கு மீட்டரில் ஒரு மழைமறைவு

ஜூன் 9
காலை எட்டரை. மழை 3.2 மில்லிமீட்டர். மேற்குக் காற்று. வானத்தில் எட்டில் ஏழு பங்கு மேகம். நிலையத்தின் பதிவேட்டில் எழுதியது இவ்வளவுதான். எழுதாதது: வீட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் குடையையும் மீறிப் புடவையைப் பிழியும்படி ஆயிற்று. மூன்று மில்லிமீட்டருக்கு இவ்வளவு நனைய நான் என்ன பஞ்சா?

ஜூன் 12
தலைமை அலுவலகக் கடிதம். "தங்கள் நிலையத்தில் இரண்டு ஆண்டுகளாக மழை குறைவாகப் பெய்து வருவதற்கான விளக்கத்தை அனுப்பவும்." கையெழுத்து, ஆய்வு அதிகாரி. எதற்கெடுத்தாலும் விளக்கம் கேட்பதால் எங்களுக்குள் அவர் பெயரே விளக்கம் சார். மேகத்துக்கு நகல் அனுப்பியதாகத் தெரியவில்லை.

கடைசி வரியை மூன்று முறை படித்தேன். விளக்கம் திருப்தியில்லை என்றால் நிலையத்தை மூடிவிடுவார்களாம். மூடினால் எனக்கு மாற்றல், ஒன்பது மணி நேரப் பயணத்துக்கு அப்பால். வீட்டுக்காரரின் தையல் கடை இங்கே இருக்கிறது.

"நீ போய்டுவ. நான் கடையத் தலையில வச்சிக்கிட்டா வர முடியும்?" என்றார். பிறகு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். மேற்கொண்டு பேச விருப்பமில்லை என்பதற்கு அவருடைய மொழி அது.

ஜூன் 13
மழைமானியைப் பிரித்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை. சாயவில்லை. புனலில் இலை அடைக்கவில்லை. பின்னே என்னதான் கேடு இதுக்கு?

ஜூன் 17
மழை பிடித்ததும் காவலாளி தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் மழைமானிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"அண்ணே, கருவிகிட்ட எதுக்கு வண்டிய வைக்கிறீங்க?"

"இங்கதான் தங்கச்சி சீட்டு நனையாது. ரெண்டு வருஷமா இங்கதானே விடுறேன். புதுக் கட்டடம் வந்ததுலேர்ந்து நல்ல வசதி."

சீட்டைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

மழைமானிக்கு மேற்கே அந்தப் புதுக் கட்டடம், இரண்டு மாடிப் பதிவேட்டு அறை. மழைக்காலக் காற்றும் மேற்கிலிருந்துதான். நிலையத்தைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே சொல்லும் பாடம்: ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும், குளிரும், மேகமாகும், ஏறிய பக்கத்திலேயே கொட்டித் தீர்க்கும். மறுபக்கம் இறங்கும்போது அதன் கையில் ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கம் மழைமறைவுப் பகுதி. கட்டடம் மலை இல்லை, மேகத்தைப் பிழியாது. ஆனால் காற்றில் சாய்ந்து வரும் மழையை மறிக்க மலையா வேண்டும்? சுவர் போதும்.

தடையின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி மழைமானியை வைக்க வேண்டும். கட்டடம் எட்டு மீட்டர். தூரத்தைத் தையல் டேப்பால் அளந்தேன். நான்கு.

ஜூன் 18
நேற்று வேண்டுமென்றே ஒன்றை எழுதவில்லை. அந்தக் கட்டடத்தைக் கேட்டு ஏழு கடிதம் போட்டவள் நான். பழைய பதிவேடுகள் ஒழுகலில் நனைகின்றன என்று. இடம் பார்க்க வந்த பொறியாளருக்கு விரல் நீட்டிக் காட்டியதும் நான். அன்று நல்ல வெயில், இலைகூட அசையவில்லை. பதினெட்டு வருடம் காற்றின் திசையைக் குறித்தவள்! பழைய மழையைக் காப்பாற்றுகிறேன் என்று புது மழையை வரவிடாமல் செய்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். "ஆளச் சுவத்தோட ஒட்டி நிக்க வச்சா இடுப்பளவு எப்படி எடுக்கறது? என்னக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார். கேட்டிருக்கலாம்.

ஜூன் 20
விளக்கம் அனுப்பினேன். "மழைமானிக்கு அருகில் கட்டடம் கட்டப்பட்டுவிட்டது." தானாக முளைத்ததுபோல.

ஜூலை 1
பதில்: "துறையின் கட்டடம் துறையின் மழையைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் தேவை."

ஜூலை 3
வீட்டுப் பால் பாத்திரம், வாய் முதல் அடிவரை ஒரே அகலம். நேற்று வளாகத்தின் கிழக்கு மூலையில், கட்டடத்துக்கு வெகு தூரம் தள்ளிக் கல் அடுக்கி வைத்தேன். இன்று காலை மழைமானியில் 11, பாத்திரத்தில் 29.

வீட்டுக்காரர் சட்டியில் பால் காய்ச்சினார். வந்த வாடிக்கையாளரிடம், "பாத்திரம் வானிலை ஆராய்ச்சிக்குப் போயிருக்கு" என்றாராம்.

ஜூலை 18
இரண்டு வாரக் கணக்கை அனுப்பியதற்குப் பதில்: "அங்கீகரிக்கப்படாத பாத்திரத்தில் பெய்த மழையை ஏற்க இயலாது. நேரில் ஆய்வுக்கு வருகிறேன்." கடிதத்தில் வேகாத பருப்பு அந்த மனிதரிடம் நேரில் வேகுமா? மாற்றலுக்குப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்தும் பார்க்காததுபோல் மிஷினை மிதித்தார்.

ஜூலை 24
விளக்கம் சார் வந்தார். பாத்திரத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். அப்போது பிடித்துக்கொண்டது மழை, மேற்கிலிருந்து, சாய்வாக. குடை ஜீப்பில். கோப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடியவர், போய் நின்றது மழைமானிக்குப் பக்கத்தில், சைக்கிளோடு சைக்கிளாக.

"எங்கம்மா மறைக்குது? எல்லாம் உங்க மனப்பிரமை!" என்று அங்கிருந்தே கத்தினார்.

நான் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தொப்பலாக நின்றேன். "சார், நீங்க நனையலையே" என்றேன்.

தன் சட்டையைப் பார்த்தார். என் புடவையைப் பார்த்தார். மழைமானியைப் பார்த்தார். கோப்பு மெல்லக் கீழே இறங்கியது.

"கட்டடத்துக்கு இடம் காட்டினது யாரு?"

"அது யாரோ இஞ்சினியரு சார், அப்பவே மாத்தலாகிப் போய்ட்டாரு" என்றார் காவலாளி, என்னைப் பார்க்காமல்.

எவ்வளவு வசதியான பதில். தலையாட்டினால் போதும்.

"நான்தான் சார்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன். ரெண்டு வருஷக் கணக்கும் தப்புன்னு சேத்தே எழுதறேன்."

செப்டம்பர் 3
மாற்றல் இல்லை. பணிப் பதிவேட்டில் எனக்கு ஒரு கண்டனக் குறிப்பு. மழைமானி இப்போது பால் பாத்திரம் இருந்த இடத்தில். இரண்டு வருடப் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் "நம்பத்தக்கதல்ல" என்று சிவப்பு மையில் என் கையாலேயே எழுதி முடித்தேன். விரல் இன்னும் வலிக்கிறது. சைக்கிள் மட்டும் பழைய இடத்தில்.

இன்று கடிதம்: "தங்கள் நிலையத்தில் ஆகஸ்டில் மழை திடீரென இரு மடங்கானதற்கான விளக்கத்தை அனுப்பவும்."

பாத்திரத்தைத் தேய்த்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் பாலை அடுப்பில் வைத்திருக்கிறார். காய்வதற்குள் பதிலைத் தொடங்கிவிடலாம். முதல் வரி தயார்: கட்டடத்துக்கு இடம் காட்டியவள் நான்.