வராத மூட்டைக்கு வந்த விலை

1997 ஐப்பசி, வியாழன் இரவு.

அலுவலக விஷயத்தை இந்த டைரியில் எழுதக் கூடாதுதான், மன்னிக்கணும். உள்ளேயே வைத்திருக்க முடியவில்லை.

விற்பனைக் கூடத்துக்கு இன்று நாற்பது குவியல் வேர்க்கடலை வந்திருந்தது. வியாபாரிகள் ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்து, சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அதிகம் எழுதியவருக்குச் சரக்கு. பெட்டியைத் திறந்து படிப்பது என் வேலை.

இன்று நாற்பத்தொன்றாம் குவியலுக்கும் ஐந்து சீட்டு இருந்தது. ஐந்தும் வேறு வேறு கையெழுத்து, எல்லாமே போன வாரத்தைவிடக் கம்மி. களத்தில் அப்படி ஒரு குவியலே இல்லை. அந்த இடத்தில் வெறும் தரைதான் இருந்தது.

அரை மணி கழித்து கீழ்பென்னாத்தூர்ப் பெரியவர் ஒருவர் மூட்டை இறக்கினார். எண் நாற்பத்தொன்று. ஐந்து பேரில் ஒருவரும் எழுந்து வந்து ஒரு கடலையைக்கூட உடைக்கவில்லை.

மூத்த வியாபாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "படிம்மா. பெரியவரு பஸ் புடிக்கணும் இல்ல?"

படித்தேன்.

வீட்டுக்கு வந்ததும், கடையில் கடலை எண்ணெய் விலை மறுபடி ஏறிவிட்டது என்றாள் அம்மா. அப்பா நாளைக்குக் கூடத்துக்குப் போக வேண்டிய எங்கள் வேர்க்கடலை மூட்டைகளைத் தைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "எம்பொண்ணு பொட்டி தொறக்கிற எடம்பா. அங்க நம்மள ஏமாத்திடுவாங்களா?"

நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவின் மூட்டைக்கும் இந்நேரம் சீட்டு எழுதியாகியிருக்கும். விடிந்து வண்டி பூட்டுவதற்குள் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்: அப்பா, நம்ம மல்லாட்டையை அங்க கொண்டுபோவாதீங்க.